கூடமும் குரலும்

கண்ணுக்கு விருந்து வைப்பதில் நாம் செலுத்தும் கருத்தில் காற்பங்கேனும் காதுக்கு விருந்து வைப்பதில் செலுத்துகின்றோமா? விழா என்றால் வாயிலில் வாழை நடுகின்றோம். மாவிலைத் தோரணம் கட்டுகின்றோம். மேடைக்குப் பட்டுத் திரை இடுகின்றோம். வண்ண விளக்குகளை வரிசையாக ஏற்றுகின்றோம். வந்தவர்களுக்குப் பேச்சும் பாட்டும் தெளிவாகக் கேட்குமா என்று மட்டும் எவரும் முன்கூட்டி எண்ணிப் பார்ப்பதில்லை. 'ஒலிபெருக்கி இருக்கின்றது, அது பார்த்துக்கொள்ளும்' என்று இருந்துவிடுகின்றோம். அவ்வாறு இருந்தவர்களுள் நாமும் ஒருவர். அதனால் ஒரு சிறுமியின் கண்ணில் நீர் மல்கக் கண்டோம். அப்பிழை நேர்ந்த வகையையும், அதனைத் திருத்திய வகையையும் ஈண்டு எழுதுகின்றோம். கூடம் உடைய ஏனைய ஊர் அன்பர்களுக்கு இது பயன்படக்கூடும்.

நாம் வாழும் சித்திரபுரம் மூணாற்றுக்கு அண்மையிலுள்ள மலையூர். திருவிதாங்கூரை ஆண்ட சித்திரைத் திருநாள் மன்னரின் பெயரைத் தாங்கியது. முதிரப்புழை ஆற்றின் நீரைக் கொண்டு மின்னாற்றல் ஆக்கும் பள்ளிவாசல் திட்டம் 1940ஆம் ஆண்டில் இப்பகுதியிலேதான் இயங்கத் தொடங்கியது. கேரளத்தின் முதல் நீர்மின் திட்டம் அதுவே. இத்தகைய ஊரில் ஒலிபெருக்கிக்கு மின்சாரப் பஞ்சம் இல்லை. ஒலியை ஆளும் அறிவுக்குத்தான் பஞ்சம் இருந்தது!

தேயிலைத் தோட்டங்களில் உழைக்க வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இம்மலைச் சரிவுகளில் வாழ்கின்றன. அக்குடும்பங்கள் சிறுகச் சிறுகப் பொருள் சேர்த்துக் கட்டிய கூடம் நம்முடையது. நீளம் 16 மீட்டர், அகலம் 10 மீட்டர், உயரம் 5 மீட்டர். மேலே தட்டையான காங்கிரீட்டுத் தளம். கீழே வழவழப்பான ஓடு பதித்த தரை. இருபுறமும் கண்ணாடிச் சாளரங்கள். சுவர்களுக்குப் பளபளக்கும் வண்ணம் பூசினோம். பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். அப்பாராட்டில் நாம் சற்று மயங்கியே போனோம் என்பதை மறைப்பானேன்?

2024ஆம் ஆண்டுப் பொங்கல் விழாவுக்கு முன்னர்ப் புதிய ஒலிக்கருவிகள் வாங்கினோம். இடமும் வலமும் வைக்க இரண்டு பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகள். தாழ்ந்த ஒலியை மட்டும் முழக்கும் 'சப்வூஃபர்' என்னும் பெரும்பெட்டி ஒன்று. 'சப்வூஃபர் வேண்டும்' என்று குழுவில் வற்புறுத்தியவர்கள் வேறு யாரும் அல்லர், நாமே. அடுத்த ஊர்க் கூடத்தில் ஒன்று இருந்தது. நம் கூடத்தில் இல்லையே என்னும் குறைதான் காரணம். அதனை எங்கே வைப்பது என்று கூட ஆராயவில்லை. மேடையின் மூலை காலியாக இருந்தது, அங்கே வைத்தோம். திருகுகளையெல்லாம் முழுமையாகத் திருப்பினோம்.

விழா தொடங்கியது. தவில் ஒலித்தபோது நாற்காலிகள் அதிர்ந்தன, இளைஞர்கள் மகிழ்ந்தனர். பின்னர்ப் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி 'நம் மலையும் மழையும்' என்னும் பொருள் பற்றிப் பேச மேடை ஏறினாள். பள்ளியில் அவள் தமிழ் படிப்பதில்லை. இரவுதோறும் தந்தையின் அருகிலிருந்து எழுத்துக் கூட்டிக் கற்று, இரண்டு திங்கள் முயன்று எழுதிய உரை அது. அவள் வாய் அசைவதைக் கண்டோம். பெட்டிகளிலிருந்து பெரும் ஒலி வருவதையும் கேட்டோம். ஆனால் ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலைமேல் ஏறிக்கொண்டது. எல்லாம் சேர்ந்து குகைக்குள் யாரோ முனகுவது போல் ஒலித்தது.

முன்வரிசையில், கொழுந்து பறித்தே காலம் கழித்து ஓய்வு பெற்ற பாட்டி ஒருவர் அமர்ந்திருந்தார். அவர் நம் பக்கம் திரும்பி, "பிள்ளை என்ன சொல்லுது, தம்பி? சத்தம் வருது, சொல்லு வரலியே!" என்றார். நாம் ஓடிச்சென்று ஒலியைக் கூட்டினோம். முனகல் முழக்கமாயிற்று. இன்னும் கூட்டினோம், கருவி ஊளையிட்டது. சிறுமி நடுவிலேயே நிறுத்தி, அவையைப் பார்த்தாள். பேச்சு முடிந்ததா இல்லையா என்று தெரியாமல் சிலர் கைதட்டினர். அவள் இறங்கி வந்தபோது கண்கள் நிறைந்திருந்தன. "நன்றாகப் பேசினாய், அம்மா" என்றோம். "நான் பேசினது கேட்டுச்சா, மாமா?" என்று கேட்டாள். நமக்கு விடை சொல்ல வாய் வரவில்லை.

விழா கழிந்த பின்னர்க் குழு கூடியது. பெட்டியின் ஆற்றல் போதவில்லை. இன்னும் பெரியது வாங்க வேண்டும் என்றனர் சிலர். முட்டை வரும் அட்டைகளைச் சுவரெங்கும் ஒட்டலாம் என்றார் ஒருவர். அப்பொழுது நாம் 'சேட்டன்' என்று அழைக்கும் மலையாள நண்பர் ஒருவர் நினைவுக்கு வந்தார். மின்பணியில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவர். ஒலிக்கருவிகளில் தீராத பற்றுடையவர். அவரை அழைத்து வந்தோம்.

அவர் பெட்டிகளின் பக்கமே போகவில்லை. வெறுங்கூடத்தின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டினார். தட்டிய ஒலி உடனே அடங்கவில்லை. மேலும் கீழும் சுவரிலும் சாளரத்திலும் மோதி, நான்கு வினாடிக்கு மேல் தேய்ந்துகொண்டே இருந்தது. "அண்ணாச்சி, நோய் பெட்டியில் இல்லை, கூடத்தில் இருக்கின்றது" என்றார். பின்பு ஒலிவாங்கியை நம் கையில் கொடுத்துப் பேசச் சொல்லிவிட்டு, சப்வூஃபரை அணைத்தார். சேற்றுநீரில் தெளிவு பிறந்தது போல் நம் குரலில் பாதித் தெளிவு அக்கணமே வந்தது. நாம் ஆசைப்பட்டு வாங்கிய பெட்டியே அச்சிறுமியின் சொற்களை விழுங்கியது என்று அறிந்தபோது தலை குனிந்தோம்.

நண்பர் அன்று சொன்ன வரலாறு ஒன்று கேட்கத் தக்கது. 1895ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு புதிய விரிவுரைக் கூடம் எதற்கும் பயன்படாமல் கிடந்தது. ஆசிரியர் சொன்ன சொல் ஐந்து வினாடிக்கும் மேல் உள்ளே சுழன்றதால் மாணவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதனைச் சீர்செய்யும் பொறுப்பு, வாலஸ் சேபின் என்னும் இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. அவர் பெரிய கருவி எதையும் நாடவில்லை. ஊர் உறங்கிய இரவுகளில், அருகிலிருந்த அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து கூடத்தில் பரப்பினார். ஓர் இசைக்குழலை ஊதச்செய்து, ஒலி அடங்கும் நேரத்தைக் கடிகாரத்தால் அளந்தார். மெத்தைகள் மிகுந்தால் ஒலி விரைவில் அடங்கியது. இவ்வாறே அவர் கண்ட விதி இன்றும் உலகெங்கும் வழங்குகின்றது. 1900ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பாஸ்டன் நகர இசையரங்கு அவ்விதியைக் கொண்டு அமைத்ததே.

அவ்விதி எளியது. கூடத்தின் கன அளவை 0.161 ஆல் பெருக்கி, ஒலியை உட்கவரும் பரப்பால் வகுத்தால், எதிர்முழக்கம் அடங்கும் நேரம் வினாடியில் கிடைக்கும். உட்கவரும் பரப்பு என்பது யாது? திறந்த சாளரத்தை எண்ணிக்கொள்ளுங்கள். அதன் வழியே வெளியே போன ஒலி திரும்புவதில்லை. ஒரு சதுர மீட்டர் திறந்த சாளரம் எவ்வளவு ஒலியைப் போக்குமோ அவ்வளவே ஓர் அலகு. வழவழப்பான சுவரும் ஓடும் கண்ணாடியும் தம்மேல் பட்ட ஒலியில் நூற்றுக்கு ஐந்து பங்கு போல்தான் விழுங்கும். எஞ்சியதைத் திருப்பி எறியும்.

நம் கூடத்தின் கணக்கைப் போட்டோம். கன அளவு 800 கன மீட்டர். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்த பரப்பு 580 சதுர மீட்டர். அது விழுங்குவதோ 29 அலகே. ஆகவே வெறுங்கூடத்தில் எதிர்முழக்கம் ஏறத்தாழ 4.4 வினாடி. ஓர் ஆள் அமர்ந்தால் அரை அலகு கூடும். நூறு பேர் அமர்ந்தால் அந்நேரம் 1.6 வினாடியாகக் குறையும். ஆயினும் பேச்சு தெளிவாக விளங்க இத்தகைய கூடத்தில் ஒரு வினாடியை ஒட்டி இருப்பது நன்று. நாம் ஒலியைக் கூட்டியபோது ஏன் பயனில்லை என்பது இப்போது விளங்கிற்று. சொல்லைக் கூட்டினால் அதன் எதிர்முழக்கமும் அதே அளவு கூடும். இரண்டுக்கும் உள்ள போட்டி அப்படியே நிற்கும்.

முட்டை அட்டையால் பயன் சிறிது. எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் தீங்கு பெரிது. பஞ்சும் வைக்கோலும் நம் ஊர் மழையில் பூசணம் பூக்கும். எனவே 5 சென்டிமீட்டர் தடிப்புள்ள பாறைக் கம்பளியை மரச் சட்டங்களில் பொருத்தி, துணி போர்த்து, சுவரிலிருந்து சற்று இடைவெளி விட்டு மாட்டினோம். மேடைக்கு எதிரேயுள்ள பின்சுவரிலும் பக்கச் சுவர்களின் மேற்பகுதியிலுமாக மொத்தம் 40 சதுர மீட்டர். சட்டங்களை அறுத்தவர் நம் உறுப்பினராகிய தச்சர். துணி தைத்தவர்கள் நம் பெண்மணிகள். கணக்கின்படி, நிறைந்த அவையில் நேரம் 1.2 வினாடியை ஒட்டி வந்தது. சாளரங்களுக்குக் கனத்த திரைகளை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டோம். அவை இன்னும் சிறிது உதவின. திரையை விறைப்பாக இழுத்துக் கட்டினால் பயன் குறைந்துவிடும் என்பதையும் கண்டோம்.

இனித் தாழ்ந்த ஒலியின் கதை வேறு. அதனைக் கம்பளியால் அடக்க முடியாது. வினாடிக்கு 34 முறை அதிரும் ஒலியின் அலை ஒன்று 10 மீட்டர் நீளமுடையது. 5 சென்டிமீட்டர் கம்பளி அதற்கு எம்மாத்திரம்! மேலும், எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே சில தாழ்ந்த ஒலிகள் சரியாகப் பொருந்தி நின்று வலுப்பெறும். ஊஞ்சலை அது வரும் நேரம் பார்த்துத் தள்ளினால் உயர்ந்துகொண்டே போவது போன்றது அது. நம் கூடத்தின் அகலம் உயரத்தைப் போலச் சரியாக இரண்டு மடங்கு. ஆதலால் அகலத்தில் பொருந்தும் 34 அதிர்வும் உயரத்தில் பொருந்தும் 34 அதிர்வும் ஒன்றாய்ச் சேர்ந்து முழங்கின. நீளத்தில் பொருந்தும் 32 அதிர்வும் துணைக்கு வந்தது! புதிதாகக் கூடம் கட்டுவோர், நீள அகல உயரங்கள் ஒன்றுக்கொன்று சரிமடங்காக அமையாதவாறு பார்த்துக்கொள்வது நலம்.

மூலையில் வைத்த பெட்டி இத்தகைய முழக்கங்கள் அனைத்தையும் ஒருங்கே எழுப்பிவிடும். எனவே அதற்கு இடம் தேட வேண்டியதாயிற்று. நண்பர் சொன்ன வழி புதுமையாக இருந்தது. பெட்டியைத் தூக்கி, மக்கள் அமரும் நடுவரிசையில் வைத்தோம். மிருதங்கத்தின் தொப்பி ஒலி நிறைந்த இசைத்தட்டு ஒன்றை ஓடவிட்டோம். பின்பு சுவர் ஓரமாகக் குனிந்து, பெட்டி இருக்கக்கூடிய உயரத்தில் காதை வைத்து மெல்ல நடந்தோம். ஓரிடத்தில் ஒலி பொங்கியது, ஓரிடத்தில் வற்றியது, ஓரிடத்தில் அளவாக நின்றது. அளவாக நின்ற இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் குறியிட்டோம். பெட்டியும் காதும் தம்முள் இடம் மாறினாலும் அறையின் விளைவு மாறுவதில்லை. ஆதலால் அக்குறியிட்ட இடமே பெட்டிக்கு உரிய இடம். குழுவின் பெரியோர் எல்லாம் குனிந்து நடப்பதைக் கண்ட சிறுவர்கள் நகைத்தனர். நகைக்கட்டும், மூலையிலிருந்த பெட்டி பக்கச்சுவரில் மூன்றில் ஒரு பங்குத் தொலைவுக்கு வந்தது, முழக்கம் பாதி அடங்கிற்று.

ஒரு பெரிய பெட்டிக்கு மாற்றாக இரண்டு சிறிய பெட்டிகளை எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் வைப்பது இன்னும் சிறந்தது. ஒன்று எழுப்பும் முழக்கத்தில் ஒரு பகுதியை மற்றொன்று சமன்செய்யும். 2002ஆம் ஆண்டில் டாட் வெல்டி என்னும் ஆய்வாளர் நீள்சதுர அறைகளில் இதனை விரிவாக ஆராய்ந்து காட்டினார். நாம் செலவுக்கு அஞ்சி ஒன்றோடு நின்றோம். ஆயினும், பெரிது வாங்குவதைவிடச் சிறிது இரண்டு வாங்குவது அறிவுடைமை என்பதை இப்போது எவருக்கும் சொல்வோம்.

அடுத்து, சப்வூஃபரில் எந்த அதிர்வு வரை செல்ல வேண்டும் என்று வரையறுக்கும் திருகை 150இலிருந்து 80க்கு இறக்கினோம். முன்னர் ஆண் குரலின் அடிப்பகுதியும் அப்பெட்டிக்குள் போய் முழங்கியது. தாழ்ந்த ஒலி மிகும்போது அது உயர்ந்த ஒலியைக் காதுக்குள்ளேயே மறைத்துவிடும். சொல்லுக்குத் தெளிவு தரும் மெய்யொலிகளோ பெரும்பாலும் வினாடிக்கு ஆயிரக்கணக்கான அதிர்வுகளில் உள்ளன. ஒலிவாங்கியின் வழி வரும் தாழ்ந்த ஒலியை வெட்டுவதற்கு மிக்சரில் 'லோ கட்' என்னும் பொத்தான் ஒன்று இருந்தது. வாங்கிய நாள் முதல் அதனை எவரும் தொட்டதில்லை. ஒரு விரலால் அழுத்தினோம். காசு செலவில்லாமல் வந்த பெரும்பயன் அதுவே.

இரு பெரிய பெட்டிகளையும் மேடைத் தரையில் வைத்திருந்தோம். அவற்றின் ஒலி முன்வரிசையினரின் உடம்பிலேயே பட்டு முடிந்தது. இப்போது ஆள் உயரத்துக்கு மேலே தாங்கிகளில் ஏற்றி, அவையை நோக்கிச் சற்றுச் சாய்த்து, ஒலிவாங்கிக்கு முன்பக்கமாக நிறுத்தினோம். ஊளையிடுதல் நின்றது. 'ஸ்டீரியோ' என்று பெருமையாகச் சொல்கின்றோமே, அதன் இன்பம் இரு பெட்டிகளுக்கும் சமதொலைவில் அமர்ந்தவர்க்கே உரியது. ஓரத்தில் இருப்பவர் காது, முதலில் வந்த ஒலியையே பற்றிக்கொள்ளும். ஹெல்முட் ஹாஸ் என்னும் ஜெர்மானியர் 1949ஆம் ஆண்டிலேயே இதனை ஆராய்ந்து எழுதினார். ஆகையால் பேச்சு இரு பெட்டிகளிலும் ஒன்றுபோலவே செல்லுமாறு அமைத்தோம். வீட்டில் இசை கேட்போர், இரு பெட்டிகளும் தாமும் சமபக்க முக்கோணமாக அமையுமாறு அமர்ந்தால் ஸ்டீரியோவின் முழுச்சுவையும் பெறலாம்.

சப்வூஃபரை நாம் பழிக்கவில்லை. தவிலும் பறையும் ஒலிக்கும்போது அது வேண்டும், அளவோடு வேண்டும். தெருவில் ஊர்வலம் வரும்போது திறந்த வெளியில் முழங்கப் பிறந்த கருவிகள் அவை. நான்கு சுவருக்குள் அழைத்து வந்தால், வந்த விருந்தாளிக்கேற்ப வீட்டை ஒழுங்கு செய்வது நம் கடமை.

இவ்வளவு முயற்சியும் எதற்கு என்று கேட்கலாம். தாய்நிலத்தில் வாழும் பிள்ளை, செவ்விய தமிழைக் கோயிலிலும் பள்ளியிலும் மேடையிலும் கேட்டு வளர்கின்றது. இங்கே நம் பிள்ளைகளில் பலர் பள்ளியில் மலையாளமோ ஆங்கிலமோ படிக்கின்றனர். அதில் குறை சொல்ல ஏதுமில்லை. மலையாள நண்பர்கள் ழகரத்தை நம்மில் பலரினும் செவ்வையாக ஒலிக்கின்றனர்! எனினும், திருத்தமான தமிழ் அப்பிள்ளைகளின் செவியில் விழும் இடம் ஆண்டுக்குச் சில முறை இக்கூடம் ஒன்றே. இங்கே 'மலை' என்பதும் 'மழை' என்பதும் ஒரே முனகலாகக் கேட்குமானால், அப்பிள்ளை எவ்வேறுபாட்டைக் கற்கும்? பேசும் பிள்ளைக்குத்தான் தன் சொல் பிறர் நெஞ்சில் சேர்ந்தது என்னும் நம்பிக்கை எங்ஙனம் பிறக்கும்?

2024 சித்திரை முதல் நாள் விழாவில் அச்சிறுமியை மீண்டும் பேச அழைத்தோம். முதலில் மறுத்தாள். வெறுங்கூடத்தில் அவளை நிறுத்திப் பேசவைத்து, கடைசி வரிசையில் அவள் தந்தையை அமர்த்தி, ஒவ்வொரு சொல்லையும் அவர் திருப்பிச் சொல்லக் கேட்ட பின்னரே இசைந்தாள். மேடையில் அதே உரையைத் தொடங்கினாள். மழை பெய்தது, மலை நின்றது, இரண்டும் வேறு வேறாகக் கேட்டன. அந்தக் காலத்தில் கொட்டகுடியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குக் கம்பிவடத்தில் தொங்கியபடி நம் முன்னோர் மலையேறினர் என்று அவள் சொன்னபோது, முன்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. நம் பாட்டிதான்!

"கம்பியிலே தேயிலைப் பெட்டிதான் போச்சு, கண்ணு! எங்க அய்யா நடந்துதான் வந்தாரு. ஆளெல்லாம் நடந்துதான் வந்தாங்க!"

அவை சிரித்தது. சிறுமி ஒருகணம் திகைத்தாள். பின்பு அவளும் சிரித்து, "சரி பாட்டி, நடந்து வந்தாங்க" என்று திருத்திக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தாள். பேத்தி சொன்னது பாட்டிக்குக் கேட்டது. பாட்டி சொன்னது பேத்திக்குக் கேட்டது. கூடம் கட்டிய பயனை நாம் அன்றுதான் பெற்றோம்.